மருதானையில் வாங்கிய பெட்டி

ஓட்டோவுக்குள் நாகேந்திரத்துக்குக் கால் வைக்க இடமில்லை. கொம்பியூட்டரின் பெரிய திரை பக்கத்தில், தகரப் பெட்டி மடியில், விசைப்பலகை கக்கத்தில். மருதானையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு இடத்தில் மறித்தார்கள். இரண்டாவது இடத்தில் நின்ற ஆமிக்காரப் பொடியன் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தான்.

“மேக்க மொகக்த, சீயா?” இது என்ன தாத்தா என்று சிங்களத்தில் கேட்டான்.

“பரண கொம்பியூட்டர் எகக், மாத்தயா.”

பழைய கொம்பியூட்டர் என்றதும் அவன் சிரித்துவிட்டான். அறுபத்தெட்டு வயதுக் கிழவனுக்கு இது எதற்கு என்கிற சிரிப்பு. அடையாள அட்டையைத் திருப்பித் தந்து போகச் சொன்னான்.

நாகேந்திரம் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் முப்பது வருடம் லிஃப்ட் ஓட்டினார். மேலே ஏறுகிறவனும் பொய் சொல்வான், கீழே இறங்குகிறவனும் பொய் சொல்வான் என்பது அங்கே அவர் கற்ற பாடம். மருதானையில் பழைய சாமான் விற்கிற ஸஹாப்தீனின் கடையிலும் அந்தப் பெட்டியை மூன்று தரம் போட்டு நிறுத்திப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுத்தார்.

“இது ஆரின்ரை சாமான்?” என்று கேட்டார்.

“யாருக்கு ஐயா தெரியும்? போத்தல் பேப்பர்காரன் கொண்டாந்து போட்டான். முன்பக்கம் உடைஞ்சிருந்திச்சி, வேற முகம் பூட்டிருக்கேன். கழட்டிப் பூட்டிப் படிக்கிறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? பழுது வந்தா கொண்டாங்க.”

வீட்டு வாசலில் மனைவி சரோஜினிதேவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இனிப் படிச்சு மந்திரியாகப் போறியளோ?”

“சும்மா பொழுது போக வேண்டாமே?”

அவர் அதைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனபோது அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. அது பாலனின் அறை. இரண்டு வருடமாக அந்த மேசையில் யாரும் ஒன்றும் வைத்ததில்லை.

சிவபாலன் நாகேந்திரத்தின் தங்கை சிவமணியின் ஒரே பிள்ளை. வவுனியாவிலிருந்து படிக்க வந்து இவர்களோடு தங்கியிருந்தான். எந்த நேரமும் ஒரு கொம்பியூட்டரைக் கழற்றிப் போட்டு ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டிருப்பான். வெள்ளிக்கிழமைகளில் தாய் போன் எடுத்தால், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் விசைப்பலகையில் தட்டிக்கொண்டே பேசுவான். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கும். ‘கதைக்கேக்கை தட்டாதை தம்பி’ என்று அவள் ஏசுவது பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்.

இரண்டாயிரத்து ஆறில், பாமன்கடைச் சந்தியில், பட்டப்பகலில், ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த நாள் விடிய நாகேந்திரம் பொலிசுக்குப் போனார். முறைப்பாடு கொடுக்கப் போகவில்லை. வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று கொடுக்கும் பதிவில் மூன்றாவது பெயரை வெட்டப் போனார். அவன் போன மாதமே வவுனியாவுக்குப் போய்விட்டான் என்றார். மேசையிலிருந்தவர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பெயருக்கு மேலே சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தார். ஆளைப் பிடித்தவர்கள் இனி வீட்டுக்கும் வருவார்கள் என்று பயம். பயந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? மூன்றாம் நாள் அவனுடைய கொம்பியூட்டரையும் பழைய சாமான் எடுக்க வந்த போத்தல் பேப்பர்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். உள்ளே என்ன இருந்ததென்று பார்க்கவும் இல்லை.

சிவமணி கொழும்புக்கு வந்து முறைப்பாடு கொடுக்கப் போனபோது பொலிசில் அந்தக் கோட்டைக் காட்டினார்கள். ஆள் கொழும்பை விட்டுப் போய்விட்டான், உங்கள் ஊரில் தேடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் கொழும்பில்தான் இருந்தான் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி தா அண்ணை என்று அவள் இரண்டு வருடமாக வெள்ளிக்கு வெள்ளி போனில் கேட்கிறாள். இல்லை என்று அவரும் இரண்டு வருடமாகச் சொல்கிறார்.

ஒரு பழைய பெட்டியைக் கழற்றிப் படித்தால், அந்தப் பிள்ளையைக் கொண்டுபோகும் அளவுக்கு அதற்குள் என்னதான் இருக்கும் என்பதாவது விளங்கும். அதற்குத்தான் வாங்கினார். இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. பெட்டியைப் போடவும் நிறுத்தவும் பழகினார். எழுத்தைத் தேடித் தேடித் தன் பெயரை அடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் வியாழக்கிழமை, பகல் மூன்று மணி. பெட்டியை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு முன்னறையில் வந்து சாய்ந்தார். பாலன் வகுப்பு முடிந்து வருகிற நேரம் அது.

பின்னறையில் விசிறி சுற்றத் தொடங்கியது.

முதலில் மெல்லிய இரைச்சல். பிறகு பெட்டி விழித்துக்கொள்கிற அந்தக் கிறுகிறுப்பு. அதோடு ஒரு மணம் வந்தது. சுடச்சுட ஈயம் உருகுகிற மணம்.

குசினிக்குள்ளிருந்து சரோஜினிதேவி குரல் கொடுத்தாள்.

“பாலன், தேத்தண்ணி போடட்டே?”

கரண்டி நிலத்தில் விழுந்தது. அவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சாருங்கோ, நான் இப்ப என்ன சொன்னனான்?”

நாகேந்திரம் எழுந்து போய்ப் பார்த்தார். பிளக் நிலத்தில் கிடந்தது. திரை இருட்டு. கதிரையின் இருக்கையில் கை வைத்தார்.

சூடாக இருந்தது.

இரவு முழுக்க இருவரும் முன்னறையிலேயே இருந்தார்கள். விடிந்ததும் அவர் விசைப்பலகையின் வயரைச் சுற்றிக் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டார். பெட்டியை ஸஹாப்தீனிடமே திருப்பிக் கொடுக்கிற எண்ணம். ஆனால் மனிதர் சந்தேகக்காரர் அல்லவா? உள்ளே ஏதோ பித்தலாட்டம் பூட்டியிருக்கிறான் என்று நினைத்தார். மதியம் சாப்பிட்ட பிறகு திருப்புளியை எடுத்து நான்கு ஆணிகளையும் கழற்றிப் பக்கத் தகட்டை இழுத்தார்.

தகட்டின் உட்புறத்தில் ஒரு பொட்டு இருந்தது. காய்ந்த சந்தனம், நடுவில் கருத்துப்போன குங்குமம்.

பின்னால் நின்ற சரோஜினிதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவள் வைத்த பொட்டு. சரஸ்வதி பூசையன்று புத்தகங்களுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பெட்டிக்கும் வைக்கப் போனாள். அவன் சிரித்துக்கொண்டே தகட்டைக் கழற்றிக் கொடுத்தான். ‘வேலை செய்யிறது உள்ளுக்குத்தான் மாமி, உள்ளுக்கு வையுங்கோ’ என்றான். உலகத்தில் வேறு எந்தப் பெட்டிக்கும் உள்ளே பொட்டு இருக்காது.

“வந்திட்டான்,” என்றாள் அவள்.

கம்பிகளுக்கு அடியில் மடித்த கடதாசி ஒன்று தெரிந்தது. நாகேந்திரம் விரித்தார். பொலிஸ் பதிவின் பிரதி. மூன்று பெயர்கள், முத்திரை, திகதி. வான் வந்ததற்கு முதல் நாள் திகதி. பயந்த பிள்ளை, தான் இந்த வீட்டில் இருப்பதற்குச் சாட்சியைப் பொலிசில் தானே போய் வாங்கித் தன் பெட்டிக்குள்ளேயே பத்திரப்படுத்தியிருக்கிறான். அவன் போன மாதமே போய்விட்டான் என்று சொன்ன மாமனின் பொய்யும் அந்தத் திகதியில் இருந்தது.

அவர் நெருப்புப் பெட்டியை எடுத்தார்.

“எரிக்கப் போறியளே?” சரோஜினிதேவி சத்தம் போடவில்லை. “அவனை ஒருதரம் வெட்டினது போதாதே?”

“இது வெளியிலை போனா என்னை உள்ளுக்குப் போடுவாங்களடி.”

குச்சியை உரசப் போன நேரம் வாசற்கதவைத் தட்டினார்கள். லேன் முழுக்கச் சோதனை. ஒரு சார்ஜன்ட், இரண்டு ஆமிக்காரர். நாகேந்திரம் கடதாசியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பதிவைக் காட்டினார். சார்ஜன்ட் தனியாக உள்ளே போனார். குசினி, குளியலறை, பின்னறை. திரும்பி வந்து பதிவை இன்னொரு தரம் பார்த்தார்.

“இதில ரெண்டு பேர்.”

“ஓம் மாத்தயா. நானும் மனிசியும்.”

“பொய் சொல்ல வேணாம். உள்ள மூணாவது ஆள் இருக்குதானே? மேசைல குனிஞ்சி இருக்கு. நான் கூப்பிட்டா திரும்ப இல்ல.”

நாகேந்திரத்தின் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது.

முப்பது வருடம் எத்தனை பேரை ஏற்றி இறக்கியவர். இந்த ஒரு பிள்ளையை நடுவழியில் இறக்கிவிட்டார். அன்று ஒரு பொலிசுக்காரருக்கு முன்னால் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல்! இன்றும் ‘யாரும் இல்லை’ என்று சொல்லலாம்.

“மூண்டு பேர்தான் மாத்தயா,” என்றார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பிரதியை எடுத்து நீட்டினார். “என்ரை மருமகன், சிவபாலன். இஞ்சை இருக்கேக்கைதான் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். வவுனியாவுக்குப் போனவனெண்டு நான்தான் பொய் சொன்னனான்.”

சார்ஜன்ட் திகதியைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். மறுபடி பின்னறைக்குப் போனார். அங்கே நின்ற நேரம் அதிகம். வெளியே வந்தபோது தொப்பி கையில் இருந்தது. கடதாசியை மடித்து, கிழவனின் பைக்குள் தானே வைத்தார். அடுத்த வீட்டுக்கும் போகாமல் லேனைத் தாண்டி நடந்தார்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை.

“அண்ணை, ஏதும் துண்டு கிண்டு...” சிவமணி வழமைபோலவே தொடங்கினாள்.

“இருக்கு,” என்றார் நாகேந்திரம். “முத்திரையோடை இருக்கு. நாளைக்கே கொண்டு வாறன். நானும் உன்னோடை பொலிசுக்கு வாறன். தங்கச்சி, அவன்ரை பேரை வெட்டினது நான்தான். பயத்திலை வெட்டினனான்.”

மறுமுனையில் மூச்சில்லை. அவர் காத்திருந்தார். மண்ணள்ளித் திட்டட்டும். அண்ணன் இல்லை என்று சொல்லட்டும். எதையாவது சொன்னால் போதும். எங்கோ வவுனியாவில் ஒரு லொறி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது பின்னறையில் அது தொடங்கியது.

டக். டக். டக்டக்.

ஒற்றைக் கையால் விசைப்பலகையில் தட்டுகிற சத்தம்.

நாகேந்திரம் அறைக்குள் பார்த்தார். பெட்டி கழற்றியபடி திறந்து கிடந்தது. விசைப்பலகை அலுமாரிக்கு மேலே, வயர் சுற்றிக் கட்டியபடி, அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. சரோஜினிதேவி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

டக்டக். டக்.

போனில் சிவமணி நீளமாக ஒரு மூச்சை இழுத்தாள். பிறகு பேசினாள். அண்ணனோடு பேசவில்லை.

“கதைக்கேக்கை தட்டாதையெண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லுறது தம்பி?”

சத்தம் நின்றது.