ஜாக்ரோஸ் குகையில் இரட்டைக் கம்பளம்

"கீழே பாக்காதீங்க மாமா! என் கையைப் பிடிங்க!"

ஜைனப் கத்தினாள். மொகுதூம் தன் தங்கை மகளின் கையைப் பிடிக்கவில்லை. அறுபத்து நான்கு வயதிலும் அவர் பிறர் கையைப் பிடித்து ஏறுபவர் அல்லர். முதுகில் கட்டிய கம்பளச் சுருளோடு பாறை விளிம்பில் தாவினார். அடுத்த கணம் அவர் நின்றிருந்த கல் பெயர்ந்தது! உணவு மூட்டையும் அதோடு பள்ளத்தில் போயிற்று.

"ரொட்டி போச்சு சார்! கம்பளம் வுயுந்திருந்தா வேற வாங்கிக்கலாம்," என்றான் வழிகாட்டி பஹ்மன். ஈரானின் ஜாக்ரோஸ் மலையில் ஆடு மேய்க்கும் குலத்தில் பிறந்தவன். சென்னையில் நான்கு ஆண்டு படித்தபோது தமிழ் கற்றவன்.

"வாயை மூடு!" என்றார் மொகுதூம்.

தொண்ணூறு ஆண்டுகளாகக் காயல்பட்டினத்தில் அவர்கள் குடும்பத்தின் பெருமை அந்தக் கம்பளம்தான். பாரசீகத்தில் வணிகம் செய்த பாட்டனாருக்கு, பஹ்மனின் குலத்தலைவர் ஒருவர் மனமுவந்து கொடுத்தது என்பது வீட்டுப் பேச்சு. இப்போது ஊர்ச் சபையில் ஒருவர் எழுந்து, "அது களவாண்ட பொருள்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் தேடித்தான் இந்த மலை ஏற்றம்.

அந்தக் குலத்துப் பெண்கள் கம்பளத்தை இரட்டையாகவே நெய்வார்கள். மாதிரித் தாள் கிடையாது, நினைவுதான். தலைவரின் குடும்பம் முழுவதும் ஒரு கடும்பனியில் மடிந்தபோது, அவர் பொருள்களை உறவினர் இந்த மலைக் குகைகளில் ஒன்றில் வைத்தார்கள்; எதில் என்று இன்று யாருக்கும் தெரியாது. இறந்தவர் பொருளை அங்கே யாரும் தொடுவதில்லை. இரட்டையின் மற்றொன்று அங்கே இருக்க வேண்டும்!

முதல் குகையில் ஆட்டு எலும்புகள் மட்டுமே. இரண்டாவதில் கம்பளங்கள் இருந்தன. தொட்டதும் ஈரமண்ணாக உதிர்ந்தன. மூன்றாவது குகைக்குள் தவழ்ந்தே நுழைந்தார்கள்.

"மாமா, இங்கே!"

உலர்ந்த குகை. தோலில் சுற்றிய ஒரு கம்பளம்! இரண்டையும் அருகருகே கவிழ்த்து விரித்தார்கள். ஒரு பானைச் சாயம் தீர்ந்து மறுபானை காய்ச்சும்போது நிறம் சற்றே மாறும். ஜைனப் பின்புறத்து முடிச்சு வரிசைகளை எண்ணினாள். இரண்டிலும் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிசையில் நீலம் வெளிறியது.

"அதே கை! அதே தறி! ஜெயிச்சிட்டோம் மாமா!"

பஹ்மன் சிரிக்கவில்லை. குகைக் கம்பளத்தின் நான்கு மூலைகளையும் புரட்டிப் பார்த்தான்.

"இன்னா சார் சொல்றது... ஜோடியில ஒண்ண குடுத்தா, வீட்டம்மா குடுக்குறதோட ஓர நூல ஒண்ணு அறுத்து வூட்ல இருக்கிறதுல கட்டணும். வூட்ல இருக்கிறதுலேந்து ஒண்ணு குடுக்குறதுல. எங்க வழக்கம். இங்க முடிச்சு இல்ல. அப்போ யாரும் குடுக்கல சார்."

மொகுதூம் தம் கம்பளத்தைப் பார்த்தார். அதன் ஓர நூல்களைப் பாட்டனார் ஊர் வந்த வாரமே வெட்டிவிட்டு வெல்வெட் தைத்திருந்தார். அழகுக்கு என்றே மூன்று தலைமுறையும் நம்பியது.

"எலி தின்னிருக்கும்," என்றாள் ஜைனப்.

"நாலு மூலையும் முழுசா இருக்கு, புள்ள," என்றார் மொகுதூம், மூலைகளைத் தடவியபடி.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வெல்வெட்டுக்குள்ள ஒரு துண்டு நூல் நிக்குது. நானே அதை இந்தக் குகைக் கம்பளத்துல கட்டிப் போட்டோ எடுத்துக்கிடுதேன். யாருக்குத் தெரியும்?"

"நான் வெளிய நிக்கிறேன் சார். நான் ஒண்ணும் பாக்கல," என்றான் பஹ்மன்.

"கை வைக்காதே!" மொகுதூமின் குரல் குகையை அதிரச் செய்தது.

"ஊர்ல தலை குனியணுமே மாமா!"

"குனிவோம். கழுத்து ஒடிஞ்சிராது."

திருப்பிக் கொடுக்கத் தலைவரின் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. மன்னிக்கவும் ஒருவரும் இல்லை. மொகுதூம் வெல்வெட்டைப் பிரித்து எறிந்தார். இரண்டு கம்பளங்களையும் ஒன்றாகச் சுருட்டித் தோலில் சுற்றி வைத்தார். இறங்கும்போது முதுகில் பாரமில்லை. ஆனாலும் மூன்று முறை தடுக்கினார். மூன்றாம் முறை ஜைனப் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் சபையில் நின்று, பாட்டனார் செய்ததை ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். பழி சொன்னவரே எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். மொகுதூம் உட்காரவில்லை.

வீட்டு நடுக்கூடத்தில் கம்பளம் கிடந்த இடம் மட்டும் தரை பளிச்சென்று இருந்தது. ஜைனப் அதன்மேல் ஒரு பாயை விரிக்கப் போனாள்.

"வேண்டாம் புள்ள," என்றார் மொகுதூம். "வாரவங்க கேக்கட்டும். நான் சொல்லுதேன்."