நெருப்போரம் நான்காவது ஆள்

2023 டிசம்பர் 14, வியாழக்கிழமை, மாலை நான்கு இருபது. பிஷ்கெக் மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பிய மினிபஸ்ஸில் சைகல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கைபேசியில், விளையாட்டுக் குழுவின் பட்டியலில், அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. சைகல் உள்ளே இருக்கிறாள் என்று அதற்குப் பொருள்.

அவள் லேசாகச் சிரித்துக்கொண்டாள். உர்மத் சொன்ன சொல் தவறவில்லை.

இணைய விளையாட்டு ஒன்றில் மூன்று வருடங்களாக அவர்கள் நான்கு பேரும் காத்துவந்த கோட்டை அது. சுற்றிலும் பனிப்பாழ், நடுவில் ஒரு நெருப்பு. நாள்தோறும் நான்கு பேரும் அந்த நெருப்பைச் சுற்றி ஒரு மணி நேரமாவது இருந்தாக வேண்டும், ஒருவர் குறைந்தாலும் சுவர் சரியத் தொடங்கிவிடும். அதனால் யாராவது ஊருக்குப் போனால் கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் அந்த உருவத்தை உள்ளே இறக்கி நெருப்போரம் அமர்த்திவிடுவார். அது பேசாது, அசையாது, வெறுமனே இருக்கும். குழுவில் இதற்கு ‘ஆளை உட்கார வைக்கிறது’ என்று பெயர். சைகல் தன் கடவுச்சொல்லை உர்மத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கூடவே வீட்டின் மாற்றுச் சாவியையும். வெப்பக் குழாய் ஒழுகினால் பார்த்துக்கொள்ள வேண்டுமே. மற்ற மூவரில் அவள் நேரில் பார்த்தது அவனை மட்டும்தான், இரண்டு கட்டடம் தள்ளி இருந்தான். திலெக் ஓஷ் நகரத்துக்காரன், ஜிபெக் காரகோலில் பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள். அந்த இருவரும் அவளுக்குக் குரல்கள் மட்டுமே. ஆனாலும் அவளுக்கு இருந்த நெருங்கிய சொந்தம் அப்பாவும் இந்த மூன்று பேரும்தான், இப்போது அப்பாவும் இல்லை.

இருபத்தோரு நாள் அத்-பாஷிப் பக்கத்து மலையடிக் கிராமத்தில் இருந்துவிட்டு வருகிறாள். முதல் மூன்று நாள் கருப்பு உடுத்தி, கூடாரத்துக்குள் பெண்களோடு அமர்ந்து ஒப்பாரி வைத்தாள். இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. மண் கல்லாக உறைந்துகிடந்தது, கடப்பாரை போட்டுத்தான் தோண்டினோம் என்று பெரியப்பா வந்து சொன்னார். அதன் பிறகு நாள்தோறும் மேட்டில் ஏறி, கைபேசியைத் தூக்கிப் பிடித்து, ஒரே ஒரு வரி வந்திருக்கிறதா என்று பார்த்தாள். சாவு விழுந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டிய வரி. முன்பின் தெரியாதவர்கூடச் சொல்வார், ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார்: அவர் மண் பட்டாகட்டும்.

மற்ற இருவருக்கும் சொல்லும்படி உர்மத்திடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள், ஆனாலும் மூன்று பேரில் ஒருவர்கூட அதை எழுதவில்லை. மேட்டில் சிக்னல் சரியில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒன்பது மாடிக் கட்டடத்தில் அவளும் அப்பாவும் இருந்த வீடு ஆறாவது மாடி. பூட்டிக் கிடந்த வீட்டில் குழாய்களின் சூடும் பழைய துணியின் வாடையும் தேங்கியிருந்தன, சன்னல் இடுக்கு வழியே நகரத்தின் நிலக்கரிப் புகை கசிந்து நாக்கில் கசந்தது. பெரியம்மா பொரித்துக் கொடுத்த போர்சோக் மாவுருண்டை மூட்டையை மேசையில் வைத்தாள், அதன் ஆட்டுக்கொழுப்பு மணம் சற்று நேரத்துக்கு அறையை வீடாக்கியது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடாமல் கணினியைத் திறந்தாள்.

‘இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்’ என்றது திரை.

உர்மத் உட்கார வைத்த ஆள். அவனைக் கேட்டால் எழுப்பி வெளியே எடுத்துவிடுவான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கலாமே என்று ஓர் ஆசை வந்தது. விருந்தாளிப் பெயரில், ஒலிவாங்கியை அடைத்துவைத்து, விளையாடும்போது அவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சறைக்குள் நுழைந்தாள். காதுகளில் அந்தப் பழகிய இரைச்சல். திலெக்கின் நாற்காலி கிறீச்சிட்டது. ஜிபெக் ஏதோ கொறித்துக்கொண்டிருந்தாள். சைகலின் கண்கள் நனைந்தன.

“விளையாட்டைப் படமா எடுத்தா அது படமும் இல்ல, விளையாட்டும் இல்ல,” என்றாள் ஜிபெக். “நான் ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்து எவனோ ஓடுறதைப் பாக்கணுமா? என் கையில ஒரு பட்டன் கூட கிடையாது.”

“நீ பட்டனை அமுக்கினாலும் செத்துத்தானடி போற,” என்றான் திலெக். “படத்துல அவனாவது உயிரோட இருக்கான்.”

“போடா. நீ ரஷ்ய டப்பிங்ல பாக்குற ஆளு. உன்கிட்டல்லாம் எனக்குப் பேச்சே இல்ல.”

“டப்பிங்குக்கு என்னடி குறைச்சல்?”

இந்த இடத்தில் சைகல் குறுக்கே பாய்வாள். மூன்று வருடமாக இதே சண்டை. டப்பிங்கில் பேய்கூட வங்கி ஊழியர் மாதிரி பேசும் என்பாள் அவள். கோபித்துக்கொண்டு பாதியில் கிளம்பிய நாள்களும் உண்டு. சொல்ல வாயெடுத்தாள்.

“விடு ஜிபெக், எனக்கும் இப்பல்லாம் டப்பிங்தான் பிடிக்குது,” என்றது ஒரு குரல். “அலுப்பா வந்து உக்காந்தா, அடியில ஓடுற எழுத்தை யாரு படிச்சுக்கிட்டு இருப்பா?”

அது சைகலின் குரல்.

பதிவு செய்து ஒலிக்கவிட்டது போல இல்லை. பேசுமுன் மூக்கால் விடும் சின்னச் சிரிப்பு இருந்தது. சொல்லின் கடைசியை விழுங்கும் பழக்கம் இருந்தது. பின்னால் தேநீர்க் கோப்பையில் கரண்டி சுற்றும் ஓசை, மூன்று சுற்று, பிறகு விளிம்பில் ஒரு தட்டு. அவள் அப்படித்தான் தட்டுவாள்.

“பாத்தியா! நம்ம சைகல் திருந்திட்டா!” என்று திலெக் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நான்கு சிரிப்பு. உர்மத்தும் சிரித்தான்.

உர்மத்துக்கு எழுதினாள்: ‘நான் வீட்டுக்கு வந்துட்டேன். அங்க பேசுறது யாரு?’

பேச்சறையில் உர்மத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. “டேய், ரெண்டு நிமிஷம் வந்துடுறேன்” என்றான். அவள் கைபேசி அதிர்ந்தது.

“வந்துட்டியா,” என்றான். கேள்வி மாதிரி இல்லை. நாளை வர வேண்டியவள் இன்று வந்ததுபோல ஒரு சலிப்பு.

“யாரு உர்மத் அது?”

“சத்தியமா நான் உட்கார மட்டும்தான் வச்சேன். நாலாவது நாள் தானா பேசுச்சு. நீதான் அங்கிருந்து வந்துட்டேன்னு நெனச்சேன். உனக்கு போன் பண்ணேனே, ஞாபகம் இருக்கா? நீ அழுதுட்டு இருந்த. இந்தக் காதுல நீ அழுற. அந்தக் காதுல திலெக் அடிச்ச ஜோக்குக்குச் சிரிக்கிற.”

“அப்பவே தெரிஞ்சுபோச்சா உனக்கு?”

“ம்.”

“மத்தவங்களுக்கு?”

“சொல்லல.”

“எங்கப்பா போனது?”

“எப்படிச் சொல்றது சைகல்? நீ அங்க உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கும்போது, உங்கப்பா செத்துட்டார்னு எந்த வாயால சொல்றது?”

“அது நான் இல்லடா!”

“கத்தாத,” என்றான் மெதுவாக. “அவ கத்தவே மாட்டா. அதைத்தான் சொல்ல வரேன். கோச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போக மாட்டா. யார் படத்தையும் மட்டமாப் பேச மாட்டா. ஜிபெக் இந்த மூணு வாரமா எவ்ளோ சந்தோஷமா இருக்கா தெரியுமா? எல்லாரும்தான். நீ இருந்தப்போ நாங்க இவ்ளோ நேரம் சேர்ந்து இருந்ததே இல்ல.”

சைகல் திரையைப் பார்த்தாள், அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

“கடவுச்சொல் உன்கிட்டதானே இருக்கு. வெளியே எடு. இப்பவே.”

“முடியாது.”

“முடியாதா, மாட்டியா?”

“நேத்து அவ ஒண்ணு கேட்டா,” என்றான். “வீட்டுச் சாவி. மாடியில மின்சார மீட்டர் பெட்டிக்குள்ள வைக்கச் சொன்னா. கீழ்க் கதவு எண்ணும் கேட்டா.”

“வச்சியா?”

“உன் வீடுதானே,” என்றான் உர்மத். “நீதானே கேட்ட.” இணைப்பு அறுந்தது.

அவள் ஒலிவாங்கியைத் திறந்தாள்.

“திலெக். ஜிபெக். நான் சைகல் பேசுறேன். அங்க இருக்கிறது நான் இல்ல. எங்கப்பா இறந்துட்டாரு. நான் ஊருக்குப் போயிருந்தேன். உர்மத்துக்குத் தெரியும், அவனைக் கேளுங்க.”

திலெக் விழுந்து விழுந்து சிரித்தான். “அட! யாருடா இது விருந்தாளி? குரல் மாத்துற செயலி எது வச்சிருக்க, எனக்கும் அனுப்பேன்! அச்சு அசல் அவதான்!”

“விளையாட்டுக்குக்கூட அப்பா செத்துட்டாருன்னு சொல்லுவியா நீ?” ஜிபெக்கின் குரலில் அருவருப்பு. “த்தூ. வெக்கமா இல்ல?”

“உர்மத்!” என்று சைகல் அலறினாள். “சொல்லுடா!”

உர்மத் திரும்பி வந்திருந்தான். அவன் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி எரிந்தது. தொண்டையைக் கனைத்தான்.

“யாருன்னு தெரியலையேப்பா,” என்றான்.

“பாவம், எங்கேயோ தனியா உக்காந்திருக்கா போல,” என்றது அந்த இன்னொரு குரல். அதில் உண்மையான இரக்கம் இருந்தது. அதற்குப் பின்னால், தள்ளி, ஒரு கதவு திறந்தது. செருப்பைத் தேய்த்து வரும் ஓசை. ஓர் இருமல். பிறகு ஓர் ஆணின் குரல், நெருங்கி வந்து, ஒலிவாங்கிக்குக் குனிந்து:

“கூட்டாளிங்க எல்லாம் சாப்ட்டாங்களாம்மா?”

“சாப்ட்டோம் மாமா!” என்று ஜிபெக்கும் திலெக்கும் ஒரே குரலில் பாடினார்கள், மூன்று வருடமாக மாலைதோறும் பாடியது போல.

சைகல் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் மூச்சு சுட்டது.

“அப்பா,” என்றாள். “அப்பா, நான் இங்க இருக்கேன்.”

“யாரும்மா அது அழுறது?” என்றார் அப்பா.

“யாரோ ஒருத்திப்பா. வெளியே அனுப்பப் போறோம்.”

திரையில் ஒரு கட்டம் விரிந்தது. அறையிலிருந்து ஒருவரை நீக்க எல்லோரும் கை தூக்க வேண்டும், அது அவர்கள் சேர்ந்து வகுத்த விதி. திலெக்கின் கை எழுந்தது. ஜிபெக்கின் கை. சைகல் என்ற பெயருக்கு மேல் ஒரு கை. கடைசியில், சற்று தாமதித்து, உர்மத்தின் கை.

இரைச்சல் நின்றது.

வீடு இவ்வளவு அமைதியாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது. குழாய்களில் நீர் ஓடும் முனகல். குளிர்பெட்டி ஒருமுறை நடுங்கி ஓய்ந்தது. கீழே, எங்கோ ஆழத்தில், இரும்புக் கதவின் எண்கள் அமுக்கப்பட்டன. நான்கு எண். தயக்கமே இல்லாமல்.

மின்தூக்கி கிளம்பியது.

அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். முதுகைக் கதவில் அழுத்தி நின்றாள். இரண்டாவது மாடி. மூன்று. கயிற்றின் உரசல் முதுகெலும்பில் ஏறியது. ஐந்து. ஆறு. நின்றது. கதவுகள் விலகின.

இரண்டு பேரின் காலடி. ஒன்று இலேசு. ஒன்று தேய்த்து நடப்பது.

மீட்டர் பெட்டியின் மூடி கிறீச்சிட்டது. சாவி பூட்டுக்குள் நுழைந்து திரும்பியது. தாழ்ப்பாள் தடுத்தது.

“உள்ள போட்டிருக்கு போலிருக்கேம்மா.”

“இருங்கப்பா, திறந்துடும்.”

புகை வாடை போய்விட்டிருந்தது. இடுக்கு வழியே வேறொன்று வந்தது. கல், பனி, கடப்பாரை பட்ட ஈர மண்.

“குளிருதும்மா,” என்றார் அப்பா. மரக்கதவுக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக. “ரொம்பக் குளிருது.”

திறக்கக் கூடாது. தெரியும். எல்லாம் தெரியும். மருத்துவமனையில் கடைசி இரவு அவர் இதைத்தான் சொன்னார், அவள் தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்திவிட்டாள். அவர் நடுக்கம் நிற்கவில்லை.

கை தாழ்ப்பாளுக்குப் போனது.

கதவைத் திறந்தபோது மாடி நடையில் விளக்கு எரிந்தது. முன்னால் அந்த இன்னொருத்தி நின்றாள், சைகலின் அதே முகம், அழுது வீங்காத முகம். அவளுக்குப் பின்னால் அப்பா. வெள்ளைத் துணி தலையிலிருந்து கால்வரை, முடிச்சுகள் அவிழாமல். முகம் மட்டும் திறந்திருந்தது. புருவங்களில் மஞ்சள் மண் உறைந்திருந்தது. கண்கள் அறையை ஒருமுறை சுற்றிவிட்டுச் சைகலின் மேல் வந்து நின்றன. அவள் கைகளை நீட்டினாள்.

அவர் அடையாளம் தேடினார். தேடிவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினார்.

“இது யாரும்மா?”

“தெரியலப்பா.”

இருவரும் உள்ளே வந்தார்கள், கதவு சாத்தப்பட்டது. ஐந்தாம் மாடியில் இருப்பவர்கள் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றார்கள். ஆறு மணிக்குச் சைகல் பேச்சறைக்குத் திரும்பி வந்தாள், நால்வரும் எட்டு வரை விளையாடினார்கள்.