குரல் பொருந்தவில்லை

சின்ன எலசகிரியில் இருந்த லைன் வீட்டுக்குப் பூபதி வேலை முடிந்து வந்து சேர்ந்தபோது கரண்டு இல்லை. அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. இரண்டாயிரத்து எட்டு மார்கழியில் கரண்டு இருந்தால்தான் ஓசூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கம்பெனிகள் பக்கமிருந்து ரப்பர் காய்கிற வாடையும், தளிப் பக்கமிருந்து இறங்கிய பனியும் கலந்து சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றன. வரிசை வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. ஷிப்டுக்குப் போனவர்கள் போயிருந்தார்கள், வந்தவர்கள் தூங்கியிருந்தார்கள்.

பூட்டில் சாவியை நுழைக்கும்போது சட்டைப் பையில் இருந்த செல் அடித்தது. எடுத்துப் பார்த்தான்.

ரஞ்சிதா என்று பெயர் வந்தது.

ரஞ்சிதா அவன் மனைவி. ஐப்பசியில் இறந்துபோனவள். அவளுடைய செல், இந்தப் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், அலமாரித் தட்டில் கிடந்தது.

நின்ற இடத்திலேயே காதில் வைத்தான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூச்சு கேட்டது. கீச்சென்று இழுத்து, உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் தவிக்கிற மூச்சு. அந்த மூச்சை அவனுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ ராத்திரி அந்த முதுகைத் தடவிவிட்டபடி உட்கார்ந்திருக்கிறான்.

லைன் அறுந்தது. கதவைத் திறந்து பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. தட்டில் கிடந்த செல்லின் திரை வெளிச்சம் மட்டும் மெல்ல மங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் செல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது அந்தக் காலத்து ஸ்மார்ட்போன், அரைச் செங்கல் கனம் இருக்கும். பெங்களூரில் யாரோ ஆண்டு அனுபவித்துத் தள்ளியதைப் பூபதி ஆசைப்பட்டு வாங்கி வந்தான். ஆனால் அவன் கம்பெனி கேட்டில் கேமரா செல்லுக்கு அனுமதி கிடையாது. அதனால் டார்ச் வைத்த சின்னச் செல் வேலைக்குப் போகிற புருஷனுக்கு, பெரிய செல் வீட்டில் இருக்கிற பெண்டாட்டிக்கு என்று ஆகிவிட்டது. ஓசூரில் அப்போது பல வீடுகளில் இந்தக் கூத்துதான்.

ரஞ்சிதாவுக்கு மெனு, கினு எதுவும் பிடிபடவில்லை. ஒரே ஒரு பொத்தான் பிடித்துப்போனது. பக்கவாட்டில் இருந்த அதை அழுத்திவிட்டுப் பேசினால் செல்லே நம்பரைப் போட்டுவிடும். அதற்கு முதலில் ஒரு தடவை குரலைப் பதிந்து வைக்க வேண்டும். பதிந்த அதே குரல், பதிந்த அதே சொல்லைச் சொன்னால்தான் அது அசையும். வேறு யார் சொன்னாலும், 'குரல் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும்' என்று ஆங்கிலத்தில் காட்டிவிட்டுக் கம்மென்று இருந்துவிடும். ரஞ்சிதா மணப்பாறைப் பக்கத்துப் பெண். புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். பூபதியின் நம்பருக்கு அவள் பதிந்து வைத்தது 'ஏங்க' என்ற ஒரு சொல்தான்.

போன வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ராஜசேகரின் செல் கடைக்கு இருவரும் போயிருந்தார்கள்.

"அண்ணி, இந்த மாடலுக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கு," என்றான் ராஜசேகர். "போட்டுக்கிட்டா குரலப் பதியவே வேணாம். உள்ள இருக்கிற பேர யார் சொன்னாலும் எடுத்துக்கும். பூபதின்னு சொன்னீங்கன்னா அண்ணனுக்குப் போயிரும்."

ரஞ்சிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பேரச் சொல்லணுமாம்ல. அதெல்லாம் நமக்கு வேண்டாங்க. இருக்குறதே இருக்கட்டும்."

பூபதியும் சிரித்தான். அதோடு விட்டுவிட்டார்கள்.

ஓசூர்க் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மழையில் இழுப்பு கூடியது. ஒரு மத்தியானம், குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது என்று சொல்ல வந்த வீட்டுக்கார வெங்கடம்மா, அவளை அடுப்படியில் கிடந்த கோலத்தில் பார்த்தாள். அவள் கையில் செல் இருந்தது. 'குரல் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும்' என்று திரையில் எழுதியிருந்தது. இழுப்பில் சிதைந்த குரலைச் செல்லுக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டுப் பார்த்தாளோ, யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் பூபதி கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் குரல் என்று மிஞ்சியது அந்த 'ஏங்க' ஒன்றுதான். பதிந்த சொல்லைப் போட்டுக் கேட்கும் வசதி அந்தப் பழைய சாஃப்ட்வேரில் இருந்தது. சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை போட்டுக் கேட்பான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்காகவே அந்தச் செல்லுக்குச் சார்ஜ் போட்டு வைத்தான், அவள் சிம்முக்கு உயிர் போகாமல் பார்த்துக்கொண்டான்.

இப்போது அதிலிருந்து அழைப்பு வருகிறது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. கம்பெனியில் இருக்கும்போது வந்தது, பஸ்ஸில் வரும்போது வந்தது. எடுத்தால் அந்த மூச்சு மட்டும் கேட்கும்.

ராஜசேகரிடம் எடுத்துப்போய்க் காட்டினான். "பொத்தான் ரப்பர் தளர்ந்துபோச்சுணா, தானா அழுங்குது," என்றான் அவன். "ஆனா அழுங்குனா மட்டும் கால் போவாதே. அண்ணி குரலும் வேணுமே..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து வேறொரு செல்லைக் குடைய ஆரம்பித்துவிட்டான்.

முதலில் பூபதி பயந்தான். அப்புறம் பயம் விட்டுப்போய், அழைப்புக்காகக் காத்திருக்கத் தொடங்கினான். யோசித்துப் பார்த்தால் அந்த ஊரில் அவனைக் கூப்பிட வேறு ஆள் இல்லை. கம்பெனியில் அவன் ஒரு டோக்கன் நம்பர். ராஜசேகருக்கு அண்ணா. வெங்கடம்மாவுக்கு நாயனா. பூபதி என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. அப்படி இருப்பவனுக்கு, செத்தவள் மூச்சு விட்டாலும் துணைதான்.

வெங்கடம்மாவுக்கு ஏதோ மூக்கில் வியர்த்துவிட்டது. ஒருநாள் வழியில் நிறுத்தினாள்.

"ஏமப்பா, ராத்திரி பகல்னு யாரோட பேசிக்கினு இருக்கே?"

"ஊர்லேர்ந்து போனுங்க."

அவள் அவன் முகத்தை நம்பாமல் பார்த்தாள். பிறகு கதவுக்கு மேலே கையைக் காட்டினாள். அங்கே காவியில் ஏதோ உருண்டை எழுத்து மங்கலாகத் தெரிந்தது. லைனில் எல்லாக் கதவிலும் அது உண்டு. கன்னடம் என்று மட்டும் அவனுக்குத் தெரியும்.

"நாளே பா-ன்னு எழுதிக்கீது. நாளைக்கு வான்னு அர்த்தம். இந்தப் பக்கம் ஒண்ணு வரும் நாயனா. ஊட்டு மனுசங்க கொரல்ல வந்து, பேரச் சொல்லிக் கூப்புடும். இதப் படிச்சுட்டுத் திரும்பிப் போயிரும், மறுநா மறுபடி வரும். அதுவா உள்ள நொழையாது. நாம பதில் குடுத்துக் கதவத் தொறந்தாத்தான் நொழையும்."

பூபதி தலையாட்டிவிட்டு உள்ளே போனான். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

தை பிறக்கும் முன்பே செல் படுத்துவிட்டது. தானே அணைந்து, தானே எரிந்து, கடைசியில் கம்பெனிப் பெயர் திரையில் வந்ததோடு அப்படியே நின்றுவிட்டது. அழுத்தினாலும் தட்டினாலும் அசையவில்லை. 'ஏங்க' உள்ளே மாட்டிக்கொண்டது. வேறொரு செல்லில் அதைப் பதிந்து வைத்திருக்கலாம் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. தலையில் அடித்துக்கொண்டான்.

"இந்த மாடலக் கம்பெனி கைவிட்டுருச்சுணா," என்றான் ராஜசேகர். "அன்னிக்கு அண்ணி வேணாம்னாங்களே, அதுதான் இதுக்குக் கடைசி சாஃப்ட்வேர். அதுக்கப்புறம் ஒண்ணும் வராது. அதப் போட்டா உயிர் வரும். ஆனா உள்ள இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிரும்."

"பதிஞ்ச குரலு?"

"அதுவுந்தாணா."

பூபதி கடை வாசலில் நின்று பஸ்களைப் பார்த்தான். போடாவிட்டால் இது வெறும் செங்கல். போட்டால் 'ஏங்க' போய்விடும், ஆனால் அவள் கூப்பிட ஒரு வழியாவது மிஞ்சும். "போடு," என்றான்.

செல் பிழைத்தது. ராஜசேகர் பூபதியின் பெயரையும் நம்பரையும் புதிதாக ஏற்றி, பொத்தானை அழுத்தி, "பூபதி" என்றான். செல் ஏதோ வெள்ளைக்காரிக் குரலில் "பூ... பத்தி" என்று திருப்பிச் சொல்லிவிட்டு நம்பரைப் போட்டது. பூபதியின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"பாத்தீங்களா? இப்ப யார் குரல்னெல்லாம் அது பாக்காது. பேர் சரியா இருந்தாப் போதும்."

அதன் பிறகு அழைப்பே வரவில்லை.

பொத்தான் தானாக அமுங்குவது மட்டும் நிற்கவில்லை. தட்டில் கிடக்கும் செல் திடீரென்று 'பீப்' என்று வாய் திறந்து, பெயர் கேட்டுக் காத்திருக்கும். யாரும் சொல்ல மாட்டார்கள். மறுபடி ஒரு 'பீப்' போட்டு மூடிக்கொள்ளும். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் இருந்த மௌனத்தைப் பூபதியால் தாங்க முடியவில்லை. இழுப்புச் சத்தமாவது கேட்டுக்கொண்டிருந்த வீடு அது. இப்போது அதுவும் இல்லை. அவள் இங்கேதான் எங்கோ இருக்கிறாள், சொல்ல வேண்டிய சொல்தான் அவள் வாயில் வரவில்லை என்று அவன் நம்பினான்.

ஒரு சாயங்காலம், சோறு இறங்காமல் தட்டைத் தள்ளிவிட்டு அழுதான். "ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்புடேன், ரஞ்சி. இங்க யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கவில்லை என்றுதான் அவன் நினைத்தான்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்டு போனது. சந்தில் பனி இறங்கியிருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. தட்டில் செல் 'பீப்' என்றது.

"பூபதி."

ரஞ்சிதாவின் குரல். தட்டிலிருந்து வரவில்லை. கதவுக்கு வெளியே இருந்து வந்தது.

"பூ... பத்தி," என்றது செல். அவன் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். ஒரு கையால் செல்லைக் காதில் வைத்தபடி, இன்னொரு கையைத் தாழ்ப்பாளுக்கு நீட்டினான்.

காதில் மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து, கீச்சிட்டு, ஒரு சொல்லுக்கு முக்கிற மூச்சு.

"ஏங்க... போ... போகாதீங்க."

கை அப்படியே நின்றது.

"பூபதி," என்றது வெளியே. இழுப்பே இல்லாத தொண்டை. கூச்சமே இல்லாத குரல். பிறந்ததிலிருந்து அவன் பெயரைச் சொல்லிப் பழகியதுபோல் சொன்னது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே கொஞ்ச நேரம் ஏதோ நின்றது. கதவுக்கு மேலே நகத்தால் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் ஒரு சுரண்டல் கேட்டது. பிறகு அது போய்விட்டது. காதில் இருந்த லைனும் அறுந்துபோயிருந்தது.

புத்தியுள்ளவன் அந்தச் செல்லை அன்றைக்கே சந்திராம்பிகை ஏரியில் வீசியிருப்பான். பூபதிக்குப் புத்தி இருந்தது, கூடவே தனிமையும் இருந்தது. அது கதவண்டை வந்து கூப்பிட்டால்தான் செல் நம்பரைப் போடும். நம்பர் போனால்தான் ரஞ்சிதா பேசுவாள். தராசின் இரண்டு தட்டில் எதை வைத்துப் பார்த்தாலும் 'ஏங்க'தான் கனத்தது. மறுநாள் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தான். செல்லில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தான். கதவைத் தாழிட்டு, அதன் பக்கத்திலேயே சாய்ந்து உட்கார்ந்தான்.

இருட்டத் தொடங்கியது.

'பீப்.'

"பூபதி," என்றது வெளியே.

"பூ... பத்தி."

முதல் மணியிலேயே எடுத்தான். "ரஞ்சி," என்றான். "சொல்லு. நான் எங்கயும் போகல."

செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஏங்க," என்றது காதில். "கதவத் தொறங்க."

அவள் குரல்தான். அதே குழைவு, அதே இழுவை. இழுப்பு மட்டும் இல்லை. நேற்று வெளியே நின்றது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தது என்று அவனுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. போன இடத்தில் அவளுக்கு நோய் தீர்ந்திருக்கும் என்று மனசு சமாதானம் சொன்னது. பழைய சாஃப்ட்வேர் இருந்திருந்தால் அதுவே கேட்டுப் பார்த்துச் சொல்லியிருக்கும்.

"ஏங்க. குளிருதுங்க."

அவன் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தான். எப்போது எழுந்து நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை.