சலாமி தொங்கிய சுவர்

வியாழக்கிழமை காலை. வான்கூவரில் வழக்கம்போல மழை. அலமாரியைத் திறந்த ஓர்சோலா போட்ட கூச்சல், முன்வீட்டில் குடியிருக்கும் மகள் வரை கேட்டது.

கொல்லைப்புறத்தில் புதிதாகக் கட்டிய சின்ன வீடு. கிழவனும் கிழவியும் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அலமாரியின் பின்பக்கப் பலகைச் சுவர் முழுக்கக் கரும்பூசணம். விரலால் அழுத்தினாள், விரல் உள்ளே போனது.

சுவருக்கு முன்னால், கணவர் எத்தோரே தன் கையால் குடலில் அடைத்துக் காயப்போட்ட பன்றிக்கறிச் சலாமிகள் ஒன்றும் அறியாதவை போலத் தொங்கின.

மறுநாள் பத்து மணிக்கு, வீட்டுக்கு உத்தரவாதம் தந்த காப்பீட்டு நிறுவனத்திலிருந்து நிம்ரத் ஜோஹல் வந்தாள். வீட்டைக் கட்டிய கிரெய்க்கும் வந்திருந்தார்; அவர் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா மேடம்? பச்சைக் கறியை உள்ள தொங்கவிட்டா ஈரம் எங்க போகும்? சுவத்துக்குத்தான். இவங்களே பண்ணிக்கிட்டது. உத்தரவாதத்துல வராது."

"நான் அப்பவே சொன்னேன், கேட்டியா மனுஷா?" என்று ஓர்சோலா கணவர் மேல் பாய்ந்தாள். "இனி மக வீட்டு மாடிப்படிக்கு அடியிலதான் படுக்கணும்."

அவள் பயம் நியாயமானது. சேமிப்பெல்லாம் இந்த வீட்டில் போய்விட்டது. காப்பீடு கைவிரித்தால் சுவரை மாற்ற வழியில்லை. எத்தோரே தலையைத் தொங்கப்போட்டார்.

நிம்ரத் ஒரு சலாமியை அழுத்திப் பார்த்தாள். அருமையாகக் காய்ந்திருந்தது.

"தாத்தா, வீட்ல நாலு அலமாரி இருக்கு. ஏன் இது?"

"எங்க ஆளுங்களுக்குக் கறி காயப்போடச் சில்லுனு ஒரு நிலவறை இல்லாத வீடு வீடே இல்லம்மா. இங்க நிலவறை கிடையாது. அதான் குடிவந்ததும் ஒவ்வொரு சுவரா கையை வச்சுப் பாத்தேன். இது மட்டும் சில்லுனு இருந்துச்சு. கெட்டிக்காரன் கட்டின சுவருன்னு கிரெய்க்கை வாழ்த்தினேன்."

"சுவருக்குள்ள குளிர் தடுக்கிற பஞ்சு வச்சீங்களா?" கிரெய்க்கைக் கேட்டாள்.

"நகராட்சி ஆளு வந்து பாத்துட்டுப் போன பிறகுதான் மூடினேன். நான் கணக்குப் பாக்காத ஆளு மேடம். சாவி குடுக்கிற அன்னைக்கு, தக்காளிச் செடிக்குத் தண்ணி வேணும்னாரு இந்தத் தாத்தா. வெளியில ஒரு குழாயே போட்டுக் குடுத்தேன். இலவசமா!"

நிம்ரத் குடையில்லாமல் வெளியே போனாள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சலாமி வந்து சுவர் கெடல. சுவர் முதல்லயே சில்லுனு இருந்ததாலதான் சலாமி இங்க வந்துச்சு. ஒரே வீட்ல ஒரு சுவர் மட்டும் ஏன் சில்லுனு இருக்கணும்? அந்தக் குழாய் இதுக்கு நேர் பின்னாலதான் இருக்கு. நகராட்சி ஆளு போன பிறகு, மூடின சுவரைக் குழாய்க்காகத் திறந்தீங்க. பஞ்சை உருவினீங்க. திரும்ப வைக்கல."

எத்தோரேயின் கத்தியால் ஊறிய பலகையைக் கீறினாள். உள்ளே குழாய் இருந்தது. பஞ்சு இல்லை.

"வீட்டுக்குள்ள இருக்கிற வெதுவெதுப்பான காத்து பட்டுப் பட்டு, சில்லுனு இருக்கிற இந்தச் சுவரு வேர்த்திருக்கு. தப்பு கட்டினவருடையது. உத்தரவாதத்துல வரும்."

கிரெய்க் தலையைச் சொறிந்தார். "அடக் கடவுளே. எந்த வீட்டு மிச்சம்னு தெரியாம ஒரு மூட்டைப் பஞ்சு என் வண்டியிலயே கிடக்கு..."

ஓர்சோலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிம்ரத்தை இழுத்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். எத்தோரேயின் முகம் மட்டும் வாடியிருந்தது.

"ஏம்மா, பலகையை மட்டும் மாத்திட்டு, பஞ்சு வைக்காம விட முடியாதா?"

"முடியாது தாத்தா."

கிரெய்க்குக்கு மனம் உருகிவிட்டது. "கவலைப்படாதீங்க. கொல்லையில குட்டியா ஒரு குளிர் அறை கட்டித் தரேன். இலவசமா!"

"வேணாம்!" என்று மூவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"கூலிக்குக் கட்டு. வர்ற வருஷச் சலாமியில பாதி வாங்கிக்க, தம்பி," என்றாள் ஓர்சோலா. "நீ சும்மா செஞ்சு குடுத்ததெல்லாம் போதும்."