சூடு ஆறும் நேரம்

செவ்வாய்க்கிழமை என்ஜின் நான்கு விநாடி தாமதமாக நின்றது.

யூனன் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, காரேஜின் சிமென்ட் தரையில் நின்றபடி எண்ணிக்கொண்டிருந்தான். ஒசாகாவிலிருந்து கப்பலில் வந்த அந்த நான்கு கதவு டர்போ காரில், அங்கே முன்பு வைத்திருந்தவர் யாரோ பொருத்திய சின்னப் பெட்டி ஒன்று ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடி வந்த சூட்டோடு சட்டென அணைத்தால், என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குள் எண்ணெய் கருகிவிடும். அதனால் சாவியை எடுத்த பிறகும் அந்த டைமர் அறுபது விநாடி என்ஜினை மெல்ல ஓடவிட்டு, பிறகு தானே அணைத்துவிடும். அவன் வாழும் டோனிகல் மாவட்டத்தில் இப்படி வண்டி வைத்திருக்கும் எல்லோரும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவார்கள். யூனன் மட்டும் நின்று கேட்பான். கூரைத் தகரத்தில் மழை, சூடான எண்ணெயின் வாசனை, அவன் கையாலேயே மாட்டிய பெரிய சைலன்சரின் தாழ்ந்த முனகல், அதற்குள் அவன் எண்ணிக்கை.

அறுபது. அறுபத்திநான்கு. பிறகுதான் அமைதி.

தான்தான் வேகமாக எண்ணியிருக்க வேண்டும் என்று நினைத்தான். எதிலும் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பான். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்கினோம் என்று நோட்டில் எழுதி, எழுதியது சரியா என்று மறுபடி போய்ப் பார்க்கிறவன். அன்று அந்த நோட்டில் 64 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான். புதன்கிழமை போனில் நேரம் வைத்து அளந்தான். 71. வியாழக்கிழமை 90. கேள்விக்குறி போடவில்லை.

புது டர்போவை மாட்ட அவனோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டிய மெக்கானிக் பாக்கியிடம் சொன்னான். பாக்கி வேறொரு காரின் அடியில் படுத்திருந்தான். காலணிகள் மட்டும் தெரிந்தன.

"எண்ணத் தெரியாதவன்கிட்ட டைமர் இருந்தா இப்படித்தான்டா."

"போன்ல அளந்தேன், பாக்கி. தொண்ணூறு."

"அவளுக்கு, உன் வண்டிக்கு, உன்ன விட்டுப் போக மனசில்ல. பேசாம கட்டிக்கோ."

"வெளயாடாத. ஒருநாள் நிக்காமலே ஓடிட்டு இருந்தா?"

"இருபது வருஷத்துப் பெட்டிடா அது. புதுசு ஒண்ணு போட்டுட்டு வேற வேலையப் பாரு."

புதிது போட்டான். ஒன்பது நாள் அளந்தான். ஒன்பது நாளும் அறுபது, ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்தாம் நாள் எண்ணவில்லை. நோட்டின் முந்தைய பக்கங்களைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, லெட்டர்கென்னி மருத்துவமனை வாசலில் அக்காவுக்காகக் காத்திருந்தான். ப்ரோனா அங்கே நர்ஸ். அவளுடைய கார் வருடாந்திரச் சோதனையில் தேறாமல் நின்றதிலிருந்து, இரவு வேலை முடிந்தால் அவன்தான் கூட்டிவர வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். எட்டரை மணி. டிசம்பர் மாதம், இன்னும் சரியாக விடியவில்லை.

"ஏன்டா உன் ஜப்பான்காரி இந்தக் கத்துக் கத்துறா?" என்றபடி பக்கத்து இருக்கையில் விழுந்தாள் ப்ரோனா.

"சைலன்சர் பெருசு. அதான்."

"வார்டுல ஒரு பெரியவர் விமானம் வருதுன்னு பல்செட்ட எடுத்து மாட்டிக்கிட்டார். ஊருக்குப் போறாராம்."

யூனன் சிரித்தான். "ஹீட்டர் போடவா?"

"போடு. நான் தூங்கிட்டேன்னா எழுப்பாத. ரெண்டு நாளாக் கண்ண மூடல. எழுப்புன, கொன்னுடுவேன்."

ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். மலைப்பாதையில் மழை படுக்கை வசத்தில் அடித்தது. ஏற்றத்தில் டர்போ காற்றை இழுக்கும் அந்தச் சீழ்க்கைச் சத்தத்துக்கு அவள் இமை லேசாக அசைந்தது. அவன் காலைத் தளர்த்தினான். வீட்டுக்கு வந்து காரேஜுக்குள் விட்டபோதும் அவள் எழவில்லை. வாய் சற்றே திறந்திருக்க, தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. மழை உள்ளே கால்வரைக்கும் வந்ததால் ஷட்டரை முழுவதும் இறக்கினான். ஒரு நிமிடம்தானே. சாவியை உருவினான். என்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. இறங்கியதும், பழக்கத்தில் விரல் சாவியிலிருந்த பட்டனை அழுத்தியது. கதவுகள் பூட்டிக்கொண்டன. டீ போட்டு வைத்துவிட்டு எழுப்பலாம் என்று உள்கதவு வழியாகச் சமையலறைக்குப் போனான்.

கெட்டிலில் தண்ணீர் சூடேறி, கொதித்து, டக்கென்று நின்றது.

மற்றது நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அதே முனகல். கோப்பைகள் அலமாரிக்குள் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிணுகிணுத்தன. கெட்டில் கொதிக்க எவ்வளவு நேரம்? மூன்று நிமிடமா, நான்கா? அவன் எண்ணவில்லை. இன்றைக்கு எண்ணவே இல்லை.

ஓடினான்.

உள்கதவைத் திறந்ததும் புகை முகத்தில் மோதியது. கண் எரிந்தது. ஷட்டரைப் பிடித்துத் தூக்கினான். ஒரு சாண் ஏறியது. நின்றது. முழு பலத்தையும் போட்டு உந்தினான். அசையவில்லை. பட்டனை அழுத்தினான். கார்க் கதவின் பூட்டு மேலே எழும்பியது. அவன் கைப்பிடியைத் தொடுவதற்குள் இறங்கியது. மறுபடி அழுத்தினான். எழும்பியது. இறங்கியது.

"ப்ரோனா! ஏய், எழுந்திரு! ப்ரோனா!"

கண்ணாடியை அறைந்தான். அவள் அசையவில்லை. கன்னங்கள் சிவந்திருந்தன, வெயிலில் விளையாடி வந்த குழந்தையினுடையவை போல.

டைமர் பெட்டியைப் பார்த்தான். சிவப்பு எழுத்தில் 00.

பெட்டி தன் வேலையை முடித்திருந்தது. எப்போதோ.

சுத்தியல். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மூன்றாவது அடியில் உடைந்தது. கையை விட்டுக் கதவைத் திறந்தான். சாவித் துவாரம் காலி. சாவி அவன் கையில். யோசி. வரிசையாக யோசி. பெட்ரோலை நிறுத்த நேரமில்லை. பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும். திணறடித்து நிறுத்த வேண்டும். கியர். உட்கார்ந்தான். உடைந்த கண்ணாடி தொடையில் குத்தியது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது. கிளட்சை மிதித்தான். ஐந்தாவது கியர். காலைச் சட்டென்று எடுத்தான்.

கார் ஒருமுறை துள்ளியது. அவ்வளவுதான்.

என்ஜின் வேக முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. எண்ணெய் முள் விழுந்தது. அவன் கையாலேயே பொருத்திய டர்போ முள்ளும் விழுந்தது. முன்னால் சுழன்றுகொண்டிருந்த விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. காலடியில் தரை அதிரவில்லை. இருக்கை அதிரவில்லை. என்ஜின் நின்றுவிட்டது. நிச்சயமாக நின்றுவிட்டது.

சத்தம் நிற்கவில்லை.

அதே தாழ்ந்த, சீரான முனகல். மிக அருகில். இடது காதுக்குப் பக்கத்தில்.

திரும்பினான்.

ப்ரோனா நேராக உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்து முன்கண்ணாடியைப் பார்த்தன. இமைக்கவில்லை. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. திறந்த உதடுகள் மட்டும் நடுங்கின, மிக நுணுக்கமாக, ஒரே சீராக. அந்த வாயிலிருந்து பெட்ரோல் வாசனையோடு சூடான காற்று வந்துகொண்டிருந்தது.

"ப்ரோனா," என்றான். அவள் தோளில் கையை வைத்து அழுத்தினான்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தது போல் சத்தம் உயர்ந்தது.

கையை எடுத்தான். இறங்கியது. முனகலாக நின்றது.

கதவை உதைத்து வெளியே விழுந்தான். சுவரில் முதுகு இடிக்கும் வரை தவழ்ந்தான். இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டான். அவளை யாரும் தொடவில்லை.

சத்தம் மறுபடி ஏறத் தொடங்கியது.