நிறுத்த முடியாத சேவை

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அரியலூர்ச் சாலைச் சிமெண்ட் ஆலையில் ஆயுத பூசையன்று எந்திரங்களுக்கு ஓய்வு. சர்வர்களுக்கும் பொட்டு வைத்து, அவற்றில் பின்னணியில் ஓடும் நிரல்களான சேவைகளை நிறுத்திவிட்டுத்தான் அனிதா கிளம்ப வேண்டும். பெரம்பலூர் வீட்டில் மகள் சுவாதி தனியாக இருந்தாள். அம்மாவைத் தவிர யார் வந்தாலும் திறக்காதே என்று சொல்லி, உள்தாழ்ப்பாள் போட வைத்துவிட்டு வந்திருந்தாள்.

என்னென்ன ஓடுகிறது என்று டேட்டாபேஸிடமே அதன் கேள்வி மொழியான எஸ்க்யூஎல்லில் கேட்டாள். பட்டியலின் கடைசியில் பெயரில்லாத ஒரு சேவை. அது யார் பெயரில் ஓடுகிறதோ அந்தக் கணக்கு: கலைவாணன்.

இங்கே வேலை பார்த்தவன்; போன வருடப் பூசையன்று இதே அறையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் பிணமாகக் கிடந்தவன். அவன் கணக்கை அழிக்க ஆபீஸில் எவருக்கும் துணிச்சல் வரவில்லை.

நிறுத்தப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது. மறுபடியும் அதே. எரிச்சலில், அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற குறுக்குவழியைச் செய்தாள்: அந்தச் சேவையில் அவன் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டாள்.

"ஒழி, சனியனே."

ஏசியின் இரைச்சலுக்கு அடியில் யாரோ நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. சந்தன வாசனையை அமுக்கிக்கொண்டு அழுகிய மாலை நாற்றம் அவள் தோளை உரசிக் கடந்து போனது. கதவு திறந்தது. மூடிக்கொண்டது.

இழுத்தாள். திறக்கவில்லை.

கேட் வாட்ச்மேன் வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, சர்வர் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டேன். கதவத் தொறங்கண்ணே."

"யாரும்மா நீ? அனிதா மேடம் இப்பதான ஸ்கூட்டிய எடுத்துட்டுப் போனாங்க. நல்ல நாளும் அதுவுமா வெளாடுறியா? வையி போன!"

அதோடு சிக்னல் போனது. கத்தினாள். கதவை உதைத்தாள். அவள் உருவில் போனது வழியில் பேரளியைத் தாண்டியிருக்கும். இந்நேரம் பெரம்பலூர் வந்திருக்கும். திரையில் அந்தச் சேவை ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு: அனிதா.

ஒரு கோடு சிக்னல். வீட்டுக்கு அடித்தாள்.

"சுவாதி! கதவத் தொறக்காத!"

"அம்மா? நீதான வெளிய நின்னு கூப்பிடுற?"

"அது நான் இல்லடி! தொறக்காத!"

"ஒன்னும் கேக்கலம்மா. இரு, தொறக்குறேன்."

தாழ்ப்பாள் விலகியது. போனில் அனிதாவின் குரலே கொஞ்சலாகக் கேட்டது.

"யாரு கண்ணு போன்ல?"