முந்நூற்று முப்பத்தெட்டாம் நாள்

“இரண்டு மணி பதினொரு நிமிடம்” என்றது கதவு. “இன்று உங்களுக்கு நாற்காலி இல்லை. நன்றி.”

அந்த ‘நன்றி’தான் முத்துஹரிணிக்கு எரிச்சலாக இருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறை வாசலில் பொருத்தியிருந்த தூக்கமானி, வருகிறவர்களின் கண்ணைப் பார்த்தே முந்தின இரவு எவ்வளவு தூங்கினார்கள் என்று சொல்லிவிடும். ஆளில்லாமல் ஓடும் நாற்பது சரக்கு லாரிகளை ஒருவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மேய்க்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவரை அதில் உட்கார விடமாட்டார்கள். இருபத்தாறு வருடம் அதில் உட்கார்ந்தவளுக்கு அது நியாயம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஒழுங்காகத் தூங்கி மூன்று வருடமாகிறது. படுத்த அரைமணியில் நெஞ்சிலிருந்து கழுத்துக்கு அனல் ஏறும். எழுந்து உட்கார்ந்தால் வேர்வை ஆறிக் குளிரெடுக்கும். மாதவிலக்கு ஒரு மாதம் இரண்டு தடவை வரும், அடுத்த மூன்று மாதம் ஆளையே காணோம் என்றிருக்கும்.

இதற்கென்றே மாதமானி வந்திருந்தது. மேல்கையில் தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவில் அதை வைத்துத் தைத்துவிடுவார்கள். மணிக்கொரு தரம் இரத்தத்தைப் படித்து, குறைகிற ஹார்மோனை ஊட்டும். ஈஸ்ட்ரோஜன் அனலைத் தணித்துத் தூங்கவைக்கும். ஆனால் அதை மட்டும் கொடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போய்ப் புற்றில் முடியலாம். அதனால் மாதத்தில் பன்னிரண்டு நாள் புரோஜெஸ்ட்ரோனையும் சேர்த்து ஊட்டும். அதை நிறுத்தியதும் உட்சுவர் உதிர்ந்து வெளியேறும். இதற்குச் சுழல் முறை என்று பெயர். ஒழுங்காக மாதவிலக்கு வரும் பெண்களிடம் அது அருமையாக வேலை செய்தது. ஒழுங்காக வருகிறவர்களுக்கு அது தேவையே இல்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

முத்துஹரிணியிடம் மாதமானி திண்டாடியது; அனலும் சரியாகத் தணியவில்லை, தூக்கமும் வரவில்லை. அது ஒரு தேதி வைக்கும், உடம்பு ஒரு தேதி வைக்கும். இரண்டுமே சொன்னபடி நடத்திக்காட்டும். அவள்தான் நடுவில் நாப்கினும் கையுமாக நின்றாள்.

கதவு திருப்பி அனுப்பிய அன்றே டாக்டர் செரின் பர்னாந்துவைப் போய்ப் பார்த்தாள்.

“தொடர் முறைக்கு மாத்திருங்க டாக்டர். ரெண்டு ஹார்மோனையும் தினமும் சேத்துக் குடுத்தா விலக்கும் கிடையாது, தேதியும் கிடையாதாம்லா. நிம்மதியாத் தூங்கலாம்னு எல்லாரும் சொல்லுதாவ.”

“உண்மைதான். ஆனா உங்களுக்குச் சொந்தமா வர்றது நின்னுபோச்சுன்னு உறுதியானாத்தான் அத மெஷின் திறக்கும். பன்னெண்டு மாசம் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.”

“மாசாமாசம் இந்த மெஷின்தான வரவைக்கி?”

“அதான் சிக்கல். மாதமானி ஊட்டும்போது வர்ற உதிரம் யாரோடதுன்னு மாதமானிக்கே தெரியாது. அதனால ஊட்டுறத நிறுத்திட்டு எண்ணுற முறைக்குப் போகணும். ஒரு வருசம் அது இரத்தத்தைப் படிக்கும், நாளை எண்ணும். வேற ஒண்ணும் குடுக்காது.”

“நடுவுல வந்துட்டா?”

“திரும்ப ஒண்ணுலேர்ந்து.” டாக்டர் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். “வேற மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா? இந்த ஒரு வருசமும் எதுவும் சாப்பிடக் கூடாது.”

“ஒண்ணும் இல்ல டாக்டர்” என்று சொல்லி, அப்படியே எழுதியிருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வருடத்துக்கு வேறு வேலை கேட்டுத் துறைமுக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். வாசலில் பெட்டி எண்களைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கே தூக்கம் தேவையில்லை, தூங்காமல் இருந்தால் போதும். அவளுடைய நாற்காலி சரியாக ஓராண்டு காத்திருக்கும், அதற்கு மேல் வேறொருவருக்குப் போய்விடும் என்று கடிதம் தந்தார்கள். அவளுக்கு அந்த நாற்காலிமேல் ஆசை இருந்தது. அதை மறைப்பானேன்? நாற்பது லாரிகள் தன் விரல் அசைவுக்குத் திரும்புவதைப் பார்ப்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தில்கூடக் கிடைத்ததில்லை. கணவர் சண்முகவேலிடமே ஒருமுறை இதைச் சொல்லி, அவரும் சிரித்திருக்கிறார்.

அந்த ஒரு வருடத்தை விவரிக்க ஒன்றுமில்லை. களைப்புக்கு என்ன கதை இருக்கிறது? அனல் முன்னைவிட அதிகமாக ஏறியது. பெட்டி எண்களில் ஆறும் எட்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. சோற்றில் உப்பு போட்டோமா என்று யோசித்து இரண்டாம் தரம் போட்டாள், சண்முகவேல் மோரை அதிகமாக ஊற்றிக்கொண்டார். காலையில் எழுந்ததும் மணிக்கட்டுத் திரையில் மாதமானி காட்டும் நாள் எண்ணைப் பார்ப்பாள். நூறு. நூற்றைம்பது. இருநூறு. விலக்கு வரவே இல்லை. முந்நூறைத் தாண்டிய அன்று பெட்டிகளுக்கு நடுவே நின்று கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

முந்நூற்று இருபத்தொன்பதாம் நாள் நாத்தனார் நிவேதிகா வந்தாள். சண்முகவேலின் தங்கை. அவள் மகளுக்கு அடுத்த வாரம் கோயிலில் வைத்துத் திருமணம். தாய்மாமன் சீர் இவர்களுடையது. தாய்மாமன் மனைவி என்ற முறையில் முத்துஹரிணிதான் சீர்த்தட்டோடு முன்னால் நடக்க வேண்டும்.

“மைனி, மாத்திர வாங்கிட்டியளா?”

“எதுக்கு? அதான் பதினோரு மாசமா ஒண்ணுமே இல்லியே.”

“அதான் பயமே! இம்புட்டு நாளு வராதது, நாம சீர்த்தட்டத் தூக்கிட்டுக் கோயிலுக்குள்ள நுழையுத அன்னைக்குத்தான் வந்து நிக்கும். எங்க பெரிய மாமியாருக்கு அப்படித்தான் வந்துச்சு. சம்பந்தி வீட்டு முன்னாடி மானம் போயிரும் மைனி.”

“வராது நிவே. எனக்குத் தெரியும்.”

“அம்புட்டு உறுதியாத் தெரியுமா?”

வாதாடுவதற்கும் தெம்பு வேண்டும். முந்தின இரவு முத்துஹரிணி தூங்கியது ஒன்றரை மணி நேரம். நிவேதிகா கைப்பையைத் திறந்து ஊக்கு, சீப்பு, சில்லறைக்கு நடுவிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“மூணு வேளையும் ஒண்ணு. தாலி கட்டி முடியவும் நிப்பாட்டிருங்க. புதுசா என்ன?”

புதிதாக ஒன்றுமில்லைதான். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு அம்மா வாங்கிக் கொடுத்து ஆரம்பித்தது. தன் கல்யாணம், கிரகப்பிரவேசம், கொழுந்தன் கல்யாணம், கோயில் கொடை என்று முப்பத்தைந்து வருடமாக எத்தனை அட்டை போயிருக்கும் என்று யார் கண்டார்கள்? மருந்துக்கடையில் பெயர்கூடச் சொல்ல வேண்டாம், ‘தள்ளிப்போடுறது’ என்றால் எடுத்துத் தருவார்கள். அது மருந்து என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நோய்க்குச் சாப்பிடுவதுதானே மருந்து? இது விசேஷத்துக்குச் சாப்பிடுவது.

தண்ணீர் எடுத்து ஒன்றை விழுங்கினாள்.

திருமணம் நன்றாக நடந்தது. சீர்த்தட்டை ஏந்தி அவள் நடந்ததைப் படமெடுத்து எல்லோரும் பகிர்ந்தார்கள். படத்தில் அவள் கண்களுக்குக் கீழே மட்டும் கருப்பாக இருந்தது. அன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாம் நாள் காலையில் அடிவயிறு இழுத்தது. வாயுவாக இருக்கும் என்று நினைத்தாள். குளியலறைக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. மணிக்கட்டில் முந்நூற்று முப்பத்தெட்டு அணைந்து, ஒன்று என்று ஒளிர்ந்தது.

அன்றே டாக்டர் செரினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“மாத்திரை எதுவும் போட்டீங்களா?”

“மாத்திரயெல்லாம் ஒண்ணும் போடல டாக்டர். தள்ளிப்போடுறது மட்டுந்தான்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. இதே பதிலைப் பலமுறை கேட்ட சோர்வுதான் முகத்தில் இருந்தது.

“அதுவும் ஹார்மோன்தாம்மா. சாப்பிடும்போது நிக்கும், நிறுத்தினா வரும். உங்களுக்கு அநேகமா எல்லாம் முடிஞ்சுதான் போயிருந்துச்சு. நீங்களாக் கூப்பிட்டு வரவச்சிருக்கீங்க.”

“அப்ப இது என்னோடது இல்லியே! மாத்திர வரவச்சதுதான? அதக் கணக்குல எடுக்காதன்னு மெஷின்ல சொல்லுங்க டாக்டர். இன்னும் இருபத்தேழு நாளுதான் இருந்துச்சு.”

“அது யார் சொல்றதையும் கேக்காது. முதல்ல வந்த மாதமானியெல்லாம் பெண்கள் சொன்னத நம்புச்சு. எப்படியாவது தூங்கினாப் போதும்னு பாதிப்பேர் பொய் சொன்னாங்க. சிலர் புற்றோட வந்தாங்க. அப்புறம்தான் இப்படிப் பண்ணுனாங்க.” டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். “உங்களத் தனியாச் சொல்லி என்ன? இந்த வைகாசியில மட்டும் எங்கிட்ட நாப்பது பேருக்கு எண்ணிக்கை ஒண்ணாம் நாளுக்குத் திரும்பியிருக்கு. ஆடியில ஒருத்தருக்கும் திரும்பாது, ஆவணியில மறுபடியும் ஆரம்பிக்கும். இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு மாதவிலக்கு நிக்கிறதே மத்தவங்களவிட அஞ்சு வருசம் தாமதம்னு கம்பெனி அறிக்கை போட்டிருக்கு. நீங்க நிறைய மீன் சாப்பிடுறது காரணமான்னு ஆராய ஒரு குழு வேற வந்துட்டுப் போச்சு.”

“நீங்க அவங்ககிட்ட விஷயத்தச் சொல்லலியா?”

“சொன்னேன். மருந்து எதுவும் எடுக்கலன்னு எல்லாப் பெண்களும் எழுதிக் குடுத்திருக்காங்களேன்னு காட்டினாங்க. உங்க கையெழுத்தும் அதுல இருக்கு.”

துறைமுக அலுவலகத்துக்குத் தகவல் தானாகவே போய்ச் சேர்ந்திருந்தது. இனி ஓராண்டுக்குள் அவள் திரும்ப முடியாது என்பதால், பேருந்தில் ஏறுவதற்குள் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுக்கும் கடிதம் வந்துவிட்டது. முடிவில் நன்றி சொல்லியிருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நிவேதிகா அழைத்தாள்.

“என்ன மைனி, உடம்புக்கு முடியலன்னு அண்ணன் சொன்னான்?”

“வந்திருச்சு நிவே.”

“அய்யய்யோ! எப்ப?”

“கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளு.”

நிவேதிகா நீளமாக மூச்சு விட்டாள்.

“பாத்தியளா? நான் அம்புட்டுச் சொன்னேன், நீங்க வராது வராதுன்னு நின்னிய. அந்த மாத்திர மட்டும் போடலன்னு வைங்க, சரியா முகூர்த்தத்துல வந்து நின்னிருக்கும்!”

அவள் குரலில் கள்ளமே இல்லை, உண்மையான நிம்மதிதான் இருந்தது. நடந்தது என்ன என்று அவளுக்கு முதலிலிருந்து எடுத்துச் சொல்ல முத்துஹரிணி வாயைத் திறந்தாள். அதற்கு ஒரு முழு இரவுத் தூக்கமாவது வேண்டியிருந்தது.

“ஆமா நிவே” என்றாள்.